முந்நூற்று அறுபத்தைந்து நாள்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எம்பிஏ வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் முரளி, நான் படித்துப் பார்க்கக் கொடுத்த பங்குச்சந்தை ரிஸ்க் ப்ராஜெக்டைத் தன் பெயரில் முந்திக் கொடுத்துவிட்டான். நான் வேறொன்று செய்தாக வேண்டும்.

சாயங்காலம் போன் செய்தான்.

"மச்சான், கோச்சிக்காத. நாளைக்கு கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் இதப் பத்திப் பேசணும். கணக்கெல்லாம் கரெக்ட்டுதான?"

அவனிடம் இருப்பது முதல் வரைவு. அதில் பங்குச்சந்தை வருஷத்தில் 365 நாளும் நடப்பதாகப் போட்டிருந்தேன். அப்பாவுக்கு மைன்ஸில் ஷிஃப்ட். ஞாயிறும் வேலை நாள் என்றே வளர்ந்த புத்தி. சந்தைக்குச் சனி, ஞாயிறு லீவு. பிறகு என் பிரதியில் மட்டும் திருத்தினேன்.

"எல்லாம் கரெக்ட்டுடா. தைரியமாப் பேசு."

"நீ தெய்வம்டா மச்சான்!"

நாளை முன்வரிசையில் உட்காருவேன். சார் கவனிக்காவிட்டால் நானே கையைத் தூக்கிக் கேட்பேன்.