சிணுங்குகிற பெட்டி

மாசி 6

காலையில் பனி. ஒன்பது மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்சலை எடுத்தாயிற்று. சாக்கு, வைக்கோல், அதற்குள் மறுபடி சாக்கு. பிரிக்கவே அரை நாள்.

புது ஆர்மோனியம். காலால் மிதிக்கிற பெட்டி. சேலத்து ரங்கய்யா செய்தது. ஜெர்மன் ரீடு போட்ட பெட்டிக்கு ஆகிற விலையில் பாதி. யுத்தம் வந்ததிலிருந்து ஜெர்மன் ரீடு, சுரம் பேசுகிற அந்த நாக்கு, வருவதில்லை. இவர் பித்தளைத் தகட்டைத் தானே அராவி உள்ளூர் ரீடு போட்டிருக்கிறார். அதனால்தான் மலிவு. அதனால்தான் எனக்குப் பயம்.

என் பழைய பெட்டியின் கதையை எழுத வேண்டாம். எலி. காற்றுத் துருத்தி முழுக்க ஓட்டை.

ஸ்டேஷனுக்கு ராஜபார்ட் முனுசாமியும் (இனி மு.சா.) வந்திருந்தார். எங்கள் நாடக செட் அவருடையது, அதில் சொல்லும் அவருடையதுதான். “அண்ணா, நீங்க பாத்துச் சரின்னு சொன்னா இதையே வெச்சிக்கலாங்க. இல்லாட்டித் தீர்த்தமலைத் தேருக்கு அரூர்க்காரரைக் கூப்புட்டுக்கறன். அவருகிட்ட சொந்தப் பெட்டி இருக்குது.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொந்தப் பெட்டியோடு வந்து உட்காருகிற ஆள் தேர் முடிந்ததும் எழுந்து போவாரா?

குளிர்காய்ச்சல் விட்டு ஐந்து நாள். கொயினா மருந்தை நிறுத்தவில்லை. தேர் நாளில் குளிர் வந்து விழுந்தால் என் பிழைப்பு போச்சு. அதனால் பங்கை இரட்டிப்பாக்கிவிட்டேன். வாயெல்லாம் எட்டிக்காய்.

மாசி 7

பெட்டியை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்தபடி:

முகப்பு தேக்கு. உள்பலகை மா. மா என்றால் மழைக்காலத்தில் உப்பும். இப்போது மாசி, பரவாயில்லை.

மூலைப் பொருத்தம் இழைத்து இழைத்துச் சேர்த்தது. நகம் நுழையவில்லை. கை வேலை நல்ல வேலை.

கீல் தகரம். இதில் மிச்சம் பிடித்திருக்கிறார்.

குமிழ் ஏழு. அதில் இரண்டு பொய். இழுத்தால் வருகிறது, உள்ளே ஒன்றும் இல்லை, அழகுக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் செட்டிலும் இரண்டு பேர் அப்படித்தான்.

வெள்ளைக் கட்டைகள் சமமாக இருக்கின்றன. விரல் வைத்தால் இறங்கி உடனே ஏறுகின்றன. மூன்றாவது கறுப்பு கொஞ்சம் சோம்பல்.

துருத்தி: காற்று நிரப்பி மிதியை நிறுத்திவிட்டு ஒரு கட்டையைப் பிடித்தேன். என் வீட்டுக்காரி ராஜம்மா கொல்லைக்குப் போய்ப் பருத்திக்கொட்டை எடுத்துவந்து எருமைக்கு வைக்கிற வரை ஓசை நின்றது. என் பழைய பெட்டி இதில் பாதி நேரம் தாங்காது.

இன்னும் வாசிக்கவில்லை. நாளைக்கு. ஏனோ பயம், பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி.

மாசி 8

மேகமூட்டம். தூறல் இல்லை.

வாசித்தேன். கீழ் ஸ்தாயி கனம், எதிர்பார்த்ததைவிட நன்றாக. நடு ஸ்தாயி தேன். மு.சா. பாடுகிற ஐந்தரைக் கட்டைச் சுருதியில் வைத்து ஒரு விருத்தம் முழுக்க வாசித்தேன், ஒரு பிசிறு இல்லை. ராஜம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்து நின்று கேட்டாள். கல்யாணம் ஆன நாளாய் அவள் இப்படி வந்து நின்றது இல்லை.

பிறகுதான் கேட்டது. மேலே, எங்கோ மேலே, ஒரு சிணுங்கல். கொசு மாதிரி, ஆனால் கொசு இல்லை, ஒரே சுரம். ஆறாம் கட்டையை அழுத்தினால் அதற்கு மேலே உட்கார்ந்துகொண்டு சிணுங்குகிறது. ஐந்தை அழுத்தினாலும் இருக்கிறது. எல்லாவற்றிலும் இருக்கிறது.

மலிவு பல்லைக் காட்டிவிட்டது. உள்ளூர்ப் பித்தளை. எனக்கு அப்போதே தெரியும்.

மாசி 9

சாம்பிராணிப் புகை போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் புகையை ஏற்றி மூடி மிதித்தால், காற்று கசிகிற இடத்தில் புகை நூல் மாதிரி வரும். எங்கும் வரவில்லை. வீடு முழுக்க வெள்ளிக்கிழமை வாசனை, கண் எரிச்சல், பயன் பூஜ்யம்.

ராஜம்மாவை உட்காரவைத்துக் கேட்கச் சொன்னேன். “பெட்டியில ஒண்ணும் இல்லீங்க. நல்லாத்தான் இருக்குது. எருமைகூட அசை போட்டுக்கினு கேக்குது பாருங்க.”

எருமைக்கு என்ன சுருதி தெரியும் என்றேன். கோபித்துக்கொண்டாள். மதியம் சோறு மட்டும், குழம்பு இல்லை.

மாசி 10

ரீடு எல்லாவற்றையும் கழற்றினேன். ஒவ்வொன்றின் நாக்குக்கும் அடியில் மெல்லிய காகிதம் விட்டுத் துடைத்தேன். மறுபடி பூட்டினேன். வாசித்தேன். சிணுங்கல். மறுபடி கழற்றினேன்.

சாயங்காலம் ரங்கய்யாவுக்குக் கார்டு போட்டேன். கொஞ்சம் காரமாகவே. “பெட்டி எல்லாக் கட்டையிலும் சிணுங்குகிறது. சபையில் வைக்க லாயக்கில்லை. நேரில் வந்து பார்த்து எடுத்துப் போகவும்.” போட்ட பிறகு அந்த ‘லாயக்கில்லை’ உறுத்துகிறது. போட்ட கார்டு போட்டதுதான்.

மு.சா. ஆள் விட்டுக் கேட்டார், பெட்டி எப்படி என்று. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். அரூர்க்காரருக்குச் சேதி போயிருக்குமோ?

மாசி 12

விடியற்காலை ஓடைப் பக்கம் ஒதுங்கினேன். காற்று இல்லை. இலை அசையவில்லை. பெட்டி வீட்டில், மூடி, மேலே துப்பட்டி போட்டு.

சிணுங்கல் கேட்டது.

அப்படியே உட்கார்ந்திருந்தேன். தலையைத் திருப்பினேன், கூடவே திரும்பியது. காதைப் பொத்தினேன், இன்னும் பெரிதாயிற்று.

பெட்டி இல்லை. நான்.

கொயினா குடித்தால் காது இரையும். இந்த மலையடிவாரத்தில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? சின்ன வயதிலிருந்து குடிக்கிறேன். ஆனால் எனக்கு எப்போதும் வண்டு மாதிரி மொத்தமாக இரையும், இரண்டு நாளில் போய்விடும். இப்படி ஒரே சுரமாக, மெல்லிசாக, பெட்டியிலிருந்து வருகிற மாதிரியே வந்தது இல்லை. இரட்டிப்புப் பங்கின் வேலை. கிடைத்தது மலிவுப் பெட்டி, பழியைத் தூக்கி அதன் தலையில் போட்டுவிட்டேன்.

இது போகுமா, போகாதா? அரூர்ப் பக்கம் ஒருத்தருக்குப் போகவே இல்லை என்று கேள்வி. அவர் உழுகிறவர். உழுவதற்குக் காது வேண்டாம்.

கொயினாவை இன்றோடு நிறுத்தினேன்.

மாசி 13

ராஜம்மாவிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “மருந்த நிறுத்திட்டா குளிர் திரும்பி வருமேங்க. தேரன்னைக்கு வந்துட்டா?” என்றாள்.

அதுதான். என் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற ஜாதி. மருந்து குடித்தால் காது இல்லை. குடிக்காவிட்டால் உடம்பு இல்லை. இரண்டில் எதை வைத்துக்கொண்டு மு.சா.வுக்குச் சுருதி கொடுப்பது? நாள் முழுக்க இதே யோசனை. எருமைக்குத் தண்ணீர் காட்ட மறந்துவிட்டேன், அதற்கும் திட்டு.

ரங்கய்யாவுக்குக் கார்டு போய்ச் சேர்ந்திருக்கும். வரவேண்டாம் என்று இன்னொரு கார்டு போடலாம். என்ன எழுதுவது? பெட்டி வாசிக்கிறவனுக்குக் காது கெட்டுவிட்டது என்றா? சேலத்தில் ஒருத்தருக்குத் தெரிந்தால் அரூர் வரை தெரிந்த மாதிரி. போடவில்லை.

மாசி 14

ரங்கய்யா பகல் வண்டியில் வந்துவிட்டார். ஒல்லி. கையில் அரம், திருப்புளி, ஒரு சின்ன மூட்டை. நான் சண்டைக்காரரை எதிர்பார்த்தேன். இவர் செருப்பை வாசலுக்கு வெகு தூரத்தில் கழற்றிவிட்டு வந்தார்.

“எந்தக் கட்டைங்க வாத்தியாரே?”

எல்லாம் என்று கார்டில் எழுதினவன் இப்போது துப்பட்டியை எடுத்துவிட்டு நகர்ந்து நின்றேன். அவரே ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு. நெற்றியெல்லாம் வேர்வை. பாதியில் மு.சா.வும் வந்து சேர்ந்தார், சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

ரங்கய்யா கடைசியில் சொன்னார்: “எனக்குக் கேக்கலீங்க. உங்க காதுக்குக் கேக்குதுன்னா இருக்கும். எடுத்துக்கினு போயிடறங்க. ஒண்ணே ஒண்ணு. சிணுங்குதுன்னு வெளிய சொல்லிடாதீங்க. உங்க வாயால ஒரு வார்த்தை போச்சுன்னா என் பெட்டிய எவனும் தொடமாட்டான்.”

கயிறு எடுத்துக் கட்டத் தொடங்கினார். பேசாமல் இருந்தால் போதும். பெட்டி போய்விடும், என் காது விஷயம் எனக்கும் ராஜம்மாவுக்கும் மட்டும். இரண்டு சுற்றுக் கயிறு போட்டுவிட்டார். அவர் பூட்டின அந்த மூலைப் பொருத்தத்தின் மேல் கயிறு விழுந்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“அவுத்துடுங்க. பெட்டியில ஒரு குறையும் இல்லை. கொயினா குடிச்சேன், என் காதுதான் இரையுது” என்றேன்.

ரங்கய்யா என் முகத்தைப் பார்த்தார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். அவர் திட்டியிருக்கலாம்.

மு.சா. வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, “பெட்டி இருக்கட்டுங்க. அரூர்க்காரரையும் வரச் சொல்லி வெக்கறன் அண்ணா. சும்மா, ஒரு துணைக்கு” என்றார்.

துணைக்கு.

மாசி 15

பிற்பகல் குளிர் வந்தது. இரண்டு கம்பளி, அதற்கு மேல் ராஜம்மாவின் புடவை. பல் அடித்துக்கொண்டது. பிறகு சூடு. பிறகு வேர்வை. சிணுங்கல் அப்படியே.

ராஜம்மா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். குடிக்கவில்லை. அடம் என்கிறாள். அடம்தான்.

மாசி 17

குளிர், சொன்ன நேரத்துக்கு. இந்தக் காய்ச்சல் ரயிலைவிட ஒழுங்கு. அடுத்தது 19, அதே பிற்பகல், தேர் அன்று. கணக்குப் போடாமலே தெரிகிறது.

சிணுங்கல் குறைந்த மாதிரி. அல்லது குறைய வேண்டும் என்று நினைப்பதால் குறைந்த மாதிரி. கேட்டுக் கேட்டுப் பார்த்தால் இருக்கிறது. கேட்காமல் இருக்க எப்படிப் பழகுவது?

மாசி 18

அரூர் வரை பஸ்ஸில், பெட்டி கூரைமேல். அங்கிருந்து தீர்த்தமலைக்கு மாட்டு வண்டி. பாதை எல்லாம் கல். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெட்டியை மடியில் இருக்கிற பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டேன். வழியெல்லாம் காவடிக்காரர், மூட்டை, கரும்பு. ஒரே சத்தம். இந்தச் சத்தத்தில் என் காதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது.

உடம்பு அசதி. இன்று காய்ச்சல் முறை இல்லை.

மாசி 19, தீர்த்தமலை

நல்ல வெயில். மலைமேல் தீர்த்தத்தில் குளித்தவர்கள் சொட்டச் சொட்ட இறங்கி வருகிறார்கள். அடிவாரத்தில் எங்கள் கொட்டகை. உச்சிப் பொழுதில் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். கொட்டகையில் நானும் மு.சா.வும்தான். அரூர்க்காரர் இன்னும் வரவில்லை.

பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கட்டையாகப் பார்த்தேன். ஆறாம் கட்டை. சிணுங்கல்.

மு.சா.வைக் கூப்பிட்டு, இது கேட்கிறதா என்றேன். தலையை ஆட்டினார். “எனக்கொண்ணும் கேக்கலீங்களே அண்ணா.” அன்று ராஜம்மா சொன்னதும் இதுவே. அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அரூர்ப் பாதைப் பக்கம்.

கையை எடுத்தேன்.

நின்றது.

மறுபடி அழுத்தினேன். சிணுங்கல். விட்டேன். இல்லை. ஐந்தை அழுத்தினேன். சுத்தம். ஏழு, சுத்தம். ஆறு, சிணுங்கல். விட்டேன். இல்லை, இல்லவே இல்லை. தூரத்தில் ஜனங்கள், யாரோ பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள், காதுக்குள் ஒன்றும் இல்லை. ஒன்றுமே கேட்காமல் இருப்பது எவ்வளவு நன்றாக இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மு.சா. பயந்துவிட்டார்.

மேல்பலகையைக் கழற்றினேன். ஆறாம் கட்டை ரீட்டின் ஒரு திருகு அரைச் சுற்று இளகியிருந்தது. நான் கழற்றிக் கழற்றிப் பூட்டினது, வண்டி குலுக்கினது. ரங்கய்யாமேல் குற்றமில்லை. மு.சா.வின் தலையைப் பிடித்துப் பெட்டிக்குள் குனியவைத்து அழுத்திக் காட்டினேன்.

“அட, ஆமாங்க! என்னமோ நெளியுது. இதையா அங்க இருந்து கேட்டீங்க?”

திருகை முடுக்கினேன். ஆறு: சுத்தம்.

அரூர்க்காரர் வந்து இறங்கியாயிற்று. அவருடைய ஜெர்மன் பெட்டி கொட்டகை ஓரத்தில். நம் பெட்டியை இரண்டு தரம் மிதித்துப் பார்த்துவிட்டு, “யாருங்க செஞ்சது?” என்றார். சேலத்து ரங்கய்யா என்றேன். விலையைச் சொன்னேன். நம்பவில்லை.

குளிர் இன்னும் வரவில்லை. வரும். முதுகில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆரம்பித்திருக்கிறது. கம்பளியைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே போட்டுவைத்திருக்கிறேன். கால் மிதிக்கும், கை அழுத்தும், நடுங்கினால் நடுங்கட்டும்.

மு.சா. கூப்பிடுகிறார். ஐந்தரையில் சுருதி வேண்டுமாம். அரூர்க்காரர் எழுந்தார். “நீங்க இருங்க” என்று அவரிடம் சொல்கிறார் மு.சா. என்னைத்தான் கூப்பிடுகிறார்.