பதினாறு பிட் கார்டு

மன்னவனூர்
4.6.2024

ஜோதிமணி டீச்சருக்கு,

சுரேந்திரன் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாமல் இந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாக கேரட் லாரி ஓட்டுகிற பெரியண்ணன் சொன்னான். உங்களை விட்டு வந்து நான் கட்டிக்கொண்ட சுதாராணி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறேன். இடது காது போன வருஷமே போய்விட்டது. வலது காதிலும் நரம்பு செத்துக்கொண்டு வருகிறதாம். மெஷின் வைத்தாலும் பிரயோசனமில்லை, தை மாசம் வரைக்கும் கேட்டால் பெரிசு என்று திண்டுக்கல் டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குள் நம் மகள் பிரியாவின் குரலை ஒரு தரம் கேட்க வேண்டும். அவள் கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது எனக்கென்று கம்ப்யூட்டரில் ஏதோ பேசி வைத்தாள் என்று அப்போதே காதில் விழுந்தது. வந்து வாங்கத் தைரியம் இல்லை. அவளுக்கு என் சிறுநீரகம் பொருந்துமா என்று பார்க்க ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டபோது வராதவன் நான். மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. குரல் இருந்தால் கொடுங்கள்.

சுரேந்திரன்


பழனி
17.6.2024

பிரியா அப்பாவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளின் விடைத்தாள்களைப் படித்தவள்; எவ்வளவு மோசமான கையெழுத்தானாலும் கடைசி வரி வரை படிப்பது பழகிவிட்டது.

குரல் இருக்கிறது. பெரியண்ணனிடம் ஒரு பை கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் பிரியாவின் பழைய மடிக்கணினி இருக்கும். அதன் இடப்பக்கம் தீப்பெட்டி அகலத்தில் ஒரு வாய் இருக்கும். கூடவே துணியில் சுற்றி, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு அளவுக்கு ஒரு தகரக் கார்டு வைத்திருக்கிறேன். அவள் பேசியது அந்தக் கார்டுக்குள் இருக்கிறது. இந்த மாதிரிக் கார்டு நுழைகிற வாய் இப்போது வருகிற எந்தக் கணினியிலும் இல்லை. அதனால் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சிரமம். கணினியின் பழைய டிஸ்க் கெட்டுப்போய் வேறொன்று மாட்டியிருக்கிறேன். அதில் கணினியை நடத்துகிற கெர்னல் என்ற அடிப்படை மென்பொருளுக்குக் கார்டு என்றால் என்னவென்றே தெரியாது. கெர்னல் என்றதும் பயப்படாதீர்கள். எங்கள் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வருஷ ஆரம்பத்தில் வாட்ச்மேன் வேண்டுமா, தோட்டக்காரர் வேண்டுமா, சமையலுக்கு ஆள் வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். வாட்ச்மேனை வைக்கவில்லை என்றால் கேட்டில் யார் வந்து நின்றாலும் திறக்க ஆள் இருக்காது. கெர்னலும் அப்படித்தான். கேள்வி கேட்கும், வேண்டுமென்றால் Y, வேண்டாமென்றால் N. எதற்கு எதை அழுத்த வேண்டும் என்று நாலு தாளில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். தாளை மாற்றாதீர்கள். உங்களுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், அது போதும்.

கேள்வி முடிந்ததும் கணினி தானே கெர்னலைக் கட்டத் தொடங்கும். பழைய இயந்திரம், எட்டு மணி நேரம் ஆகும். பேட்டரி செத்துவிட்டது. நடுவில் கரண்ட் போனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

போன் செய்ய வேண்டாம். கடிதம் எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

ஜோதிமணி


மன்னவனூர்
12.7.2024

ஜோதிக்கு,

அப்படிக் கூப்பிடலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு உன் எழுத்தைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று தரம் உட்கார்ந்தேன். இரண்டு தரம் காற்றில் கம்பி அறுந்து கரண்ட் போனது. நீ சொன்னபடி எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து. பக்கத்து வீட்டு வேலம்மா சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள், வாய்க்காரி. "ஏண்ணே, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்குற மாதிரி அந்தப் பொட்டிய உத்துப் பாத்துக்கிட்டே கெடக்கீங்க? அது எங்கயும் ஓடிராது, வெரசா வந்து கஞ்சியக் குடிங்க" என்று கத்துகிறாள். நல்லவேளை, அவள் கத்தினால் இன்னும் கேட்கிறது.

மூன்றாவது தரம் முடிந்தது. கார்டை வாயில் செருகினேன். திரையில் ஒரு வரி வந்தது. எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்: பூஜ்ஜியம் நம்பர் வாயில் கார்டு செருகப்பட்டது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பொழுது சாய்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்டு உள்ளே இருக்கிறது என்று அதற்குத் தெரிகிறது. பிறகு ஏன் திறக்கவில்லை? தாளில் எதையாவது தப்பாக அழுத்திவிட்டேனா?

கோபித்துக்கொள்ளாவிட்டால் ஒன்று கேட்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கோடு கம்ப்யூட்டரும் சொல்லிக் கொடுத்தவள், உனக்குத் தெரிந்த வேலை, நீயே இதைச் செய்து அனுப்பியிருக்கலாமே?

சுரேந்திரன்


பழனி
29.7.2024

பிரியா அப்பாவுக்கு,

அந்த ஒரு வரி வந்ததே பெரிய விஷயம். பத்தாம் வகுப்பில் வட்டத்தை ஒழுங்காக வரைந்துவிட்டு ஆரத்தை மட்டும் தப்பாக எழுதும் பிள்ளைக்கும் நான் மூன்று மதிப்பெண் போடுவேன். உங்களுக்கும் போட்டிருக்கிறேன்.

நானே செய்யாததற்குக் காரணம் உண்டு. அவளுக்காக நீங்கள் உங்கள் கையால் எதையாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். தப்பா?

இப்போது பாடத்துக்கு வருவோம். கார்டுகளில் இரண்டு வகை. ஒன்று பதினாறு பிட், மற்றது முப்பத்திரண்டு பிட். ஒற்றை மாட்டு வண்டி, இரட்டை மாட்டு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் இரண்டையும் பற்றி அடுத்தடுத்துக் கேட்கும். பதினாறு பிட் ஆதரவுக்கு N, முப்பத்திரண்டு பிட் ஆதரவுக்கு Y. இந்த இடத்தில்தான் பலரும் குழம்புவார்கள். இரண்டுக்கும் Y போட்டுப் பார்ப்போமே என்று தோன்றும்; போட்டுவிடாதீர்கள். ஒரு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் போனால் என்ன ஆகும்? கார்டில் இருப்பது அழிந்தாலும் அழிந்துவிடும். மற்ற சில விடைகளை மாற்றிப் புதுத் தாள் வைத்திருக்கிறேன்.

எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்து விட ஆள் இல்லாததால் கண்ணாடி முன்னால் நின்று நானே விட்டுக்கொள்கிறேன், பாதி கன்னத்தில் போகிறது. காது எப்படி இருக்கிறது? எந்த அளவுக்குக் கேட்கிறது, எந்தச் சத்தம் கேட்கவில்லை என்று அடுத்த கடிதத்தில் விவரமாக எழுதுங்கள்.

ஜோதிமணி


மன்னவனூர்
2.10.2024

ஜோதிக்கு,

காதைப் பற்றிக் கேட்க இந்த உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறது என்பதே எனக்குப் போதும். விவரமாகவே எழுதுகிறேன். மழை கேட்கவில்லை. தகரக் கூரையில் தண்ணீர் அடிக்கிறது, சத்தம் இல்லை. பஸ் ஹாரன் கேட்கிறது. வேலம்மா காதோரம் வந்து கத்தினால் பாதி கேட்கிறது. ஆட்டுப் பண்ணையில் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரிக்கிற நாளில் அதுகள் கத்துவது ஊருக்கே கேட்கும், இந்தத் தரம் வேலம்மா சொல்லித்தான் தெரியும்.

புதுத் தாளின்படி நாலு தரம் செய்தேன். அதே வரி. கார்டு செருகப்பட்டது. அப்புறம் ஒன்றுமில்லை.

பொறுக்காமல் கொடைக்கானலுக்கு பஸ் ஏறி, மூஞ்சிக்கல்லில் மனோஜ்குமார் என்பவரின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போனேன். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது நான் ஸ்கூல் படிக்கிறப்ப வந்த மாடல். ஆன் ஆகுறதே பெருசு. செட்டிங்ஸ் பேப்பர் ஏதாச்சும் இருந்தா குடுங்க, ஒருவாட்டி பாத்துடலாம்" என்றார். உன் தாள் சட்டைப் பையில்தான் இருந்தது. நீ எனக்காக எழுதியதை இன்னொருத்தன் கையில் கொடுக்க மனசு வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது ஜோதி. கோபம் இருந்தால் திட்டி எழுது. ஆனால் வழியைச் சொல்.

சுரேந்திரன்


பழனி
21.10.2024

பிரியா அப்பாவுக்கு,

தாளைக் காட்டாமல் வந்தது நல்லது. தெரியாதவர்கள் கை வைத்தால் காரியம் கெட்டுவிடும்.

விடைகள் சரியாகத்தான் இருக்கின்றன. கார்டு நுழையும் வாயில் ஈரம் இருக்கும் என்று நினைக்கிறேன். மன்னவனூர்ப் பனி இரும்பையே அரிக்கும். பஞ்சால் துடைத்துவிட்டு கணினியைப் பெரிய அரிசி டப்பாவுக்குள் ஒன்றரை மாதம் வையுங்கள். ஐப்பசி மழையும் கரண்ட் தொல்லையும் அதற்குள் ஓய்ந்துவிடும். கார்த்திகை முடிந்ததும் அதே விடைகளோடு நிதானமாக ஒரு முறை செய்யுங்கள். அவசரப்பட்டவன் கணக்கில் எப்போதும் ஒரு படி விட்டுப்போகும்.

குளிர ஆரம்பித்திருக்கும். காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொள்ளுங்கள்.

ஜோதிமணி


மன்னவனூர்
6.1.2025

ஜோதிக்கு,

முடிந்தது.

மார்கழி பன்னிரண்டாம் தேதி காலையில் வேலம்மா வீட்டில் குக்கரில் ஆவி வந்ததைப் பார்த்தேன். விசில் வரவில்லை. வேலம்மா என்னைப் பார்த்து வாயை வாயைத் திறந்தாள். இப்போது நோட்டில் எழுதித்தான் காட்டுகிறாள். நேற்று "பொங்கலுக்குக் கரும்பு வாங்கவா, பல்லு இருக்கா" என்று எழுதினாள். சிரித்தேன். சிரித்ததும் கேட்கவில்லை.

கார்த்திகைக்குப் பிறகு இரண்டு தரம் செய்தேன். அதே வரிதான். உன் மேல் குறை இல்லை. இவ்வளவு பொறுமையாக எனக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. பையைப் பெரியண்ணனிடம் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறேன். இந்த ஏழு மாசம் நீ எழுதியதே எனக்குப் பெரிசு.

சுரேந்திரன்


பழனி
17.1.2025

பிரியா அப்பாவுக்கு,

பையை அனுப்ப வேண்டாம். இன்னும் ஒரு முறை உட்காருங்கள். பதினாறு பிட் ஆதரவு வேண்டுமா என்று கேட்கும்போது Y போடுங்கள்.

அது பதினாறு பிட் கார்டு. எனக்கு முதல் நாளே தெரியும். இரண்டுக்கும் Y போட்டாலும் ஒன்றும் அழியாது. கரண்ட் போனாலும் அழிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். அழிக்கச் சொன்னது நான். எந்தப் பிள்ளைக்கும் தப்பு எங்கே என்று காட்டாமல் விடைத்தாளை நான் திருப்பிக் கொடுத்ததில்லை. அதனால் உங்களுக்கும் காட்டுகிறேன்.

நீங்கள் N போட்ட அந்த இடத்துக்குக் கீழே இன்னும் நாலு கேள்விகள் உண்டு. அதில் ஒன்று, கார்டில் இருப்பதைப் படிக்க வேண்டுமா என்பது. மேலே N போட்டால் கீழே இருப்பதைக் கெர்னல் கேட்கவே கேட்காது. ஒரு உதாரணம் சொல்கிறேன். 2007 மார்ச்சில் மதுரையில் டாக்டர் உங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: சோதித்துப் பார்க்க ஒரு ஊசி ரத்தம் கொடுக்க முடியுமா? முடியாது என்றீர்கள். பொருந்துகிறதா, ஆபத்து எவ்வளவு, மனைவி சம்மதிப்பாளா, எதையும் அதற்குப் பிறகு உங்களிடம் யாரும் கேட்கவில்லை. எனக்குச் சர்க்கரை, என்னுடையதை வேண்டாம் என்றுவிட்டார்கள். எட்டு மாதம் பிரியா கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். நானும் அதே அளவு, ஒரு கேள்விக்கு மட்டும், உங்களை N போடச் சொன்னேன். ஏழு மாதம்தான். ஒரு மாதம் குறைவு.

இப்போது என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன். அந்தக் கார்டில் இருப்பதை நான் கேட்டதில்லை. கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா கேட்ட பின்னாடிதாம்மா நீ கேக்கணும்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். பதினேழு வருஷமாக அலமாரியைத் திறந்து துணியைத் தொட்டுவிட்டு மூடுகிறேன். உங்களுக்குக் கொடுக்கவும் மனமில்லை, சத்தியத்தை மீறவும் மனமில்லை.

இனி நீங்கள் கேட்கப்போவதில்லை. வேலம்மாவைக் கேட்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். பிரியா என்னைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால், ஒரு வரியாக இருந்தாலும், அதை மட்டும் எனக்கு எழுதுங்கள். வேறெதுவும் வேண்டாம். எனக்கு அறுபத்தைந்து வயதாகிறது.

ஜோதிமணி


மன்னவனூர்
14.2.2025

ஜோதிமணி டீச்சருக்கு,

Y போட்டேன். கீழே நாலு கேள்வி வந்தது. எல்லாவற்றுக்கும் Y. இரண்டு தரம் கரண்ட் போனது, விட்ட இடத்திலிருந்தே நடந்தது. மறுநாள் காலையில் கார்டு திறந்தது. ஒரே ஒரு பதிவு, அப்பாவுக்கு என்று பேர் போட்டிருந்தாள். முப்பத்தெட்டு நிமிஷம்.

வேலம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கி ஓடியது. நான் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தேன். ஏதோ அதிர்ந்தது. பேச்சா, உள்ளே சுற்றுகிற விசிறியா, தெரியவில்லை. பத்து நிமிஷத்தில் வேலம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டாள். நாலு நாள் திரும்பத் திரும்பக் கேட்டு ஒன்பது பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

படித்துவிட்டேன். எனக்குச் சொன்னது எனக்கு.

உங்களைப் பற்றியும் பேசியிருக்கிறாள். ஐந்தாம் பக்கம் முழுக்க, ஆறாம் பக்கத்தில் பாதி. "இத டீச்சருக்கு இன்னைக்கே அனுப்பிருங்கண்ணே, அவங்க எப்பவோ தெரிஞ்சிருக்க வேண்டியது" என்று வேலம்மா நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள். உறை வாங்கி முகவரிகூட எழுதிவிட்டேன்.

அப்புறம் உங்கள் கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன். மடிக்கணினி லாரியில் வருகிறது. கார்டும் ஒன்பது பக்கமும் என்னிடம் இருக்கின்றன. நான் செத்தால் கூடவே வைக்கச் சொல்லியிருக்கிறேன். வேலம்மா என்னோடு பேசுவதில்லை, நோட்டில்கூட.

அந்தப் பிள்ளைக்காகக் கேட்டதை ஒரு தரம் நான் மறுத்துவிட்டேன். அதன் பலனைத்தான் நீங்கள் ஏழு மாசமாக எனக்குக் கற்றுக் கொடுத்தீர்கள். இந்தத் தரம் அவள் சொன்ன வரிசையிலேயே நடக்கட்டும். அப்பா கேட்ட பிறகுதான் நீங்கள் கேட்க வேண்டும்.

படித்தேன், டீச்சர். இன்னும் கேட்கவில்லை.

சுரேந்திரன்