பிளேடு தூக்கும் குழாயும் உன் அப்பாவின் வலது கையும்

நோங்சிம்
விசாகம் முடிந்த வாரம்

அன்பு மகள் லம்துவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் உன் கணவன் பிரயூனும் நன்றாக இருக்கிறோம், நீயும் தைவானில் அந்தத் தொழிற்சாலைக் குளிரில் காதுக்குத் துணி கட்டிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நன்றாக இருக்கிறோம் என்பது இன்றைக்கு உண்மை. போன மாதம் போனில் இதையே சொன்னேனே, அது பொய். அப்பா வயலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்ன அன்று அவர் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன். உன் அப்பாவின் வலது கை போகப் பார்த்தது, போகவில்லை, அதைப் போகாமல் பிடித்து வைத்தது உன் கணவன். போனில் சொல்லியிருந்தால் நீ அழ, நான் அழ, விஷயம் பாதியிலேயே நின்றிருக்கும். அதோடு உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தைக்கும் குறுக்கே வந்திருப்பார், அதனால்தான் கடிதம்.

நீ உழைத்து வாங்கித் தந்த சின்ன டிராக்டர் வந்த அன்று விகாரையிலிருந்து பெரிய பிக்கு வந்து நீர் தெளித்து, ஸ்டீயரிங்கில் மூன்று நிறத் துணி கட்டினாரே, அதை நீ போட்டோவில் பார்த்தாய். பார்க்காதது ஒன்று உண்டு. மிச்சமிருந்த துணியை உன் அப்பா எடுத்துப்போய், முன்னால் மண் தள்ளும் பிளேடைத் தூக்க எண்ணெய் போகிறதே அந்த ரப்பர் குழாயில் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "பலம் ஓடுற இடம் அதுதானேடி, அதுக்குத்தான் காப்பு வேணும்" என்றார். ஓதிக் கட்டின துணியை யார் அவிழ்ப்பார்கள். சேறும் மழைத் தண்ணீரும் அதற்குள்ளேயே ஊறி, வெயிலில் வெந்து, ரப்பர் உள்ளுக்குள் இற்றுக்கொண்டு வந்திருக்கிறது, எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

சொங்க்ரான் புத்தாண்டு முடிந்து, மழைக்கு முன் வண்டிக்கு கிரீஸ் வைக்கும்போதுதான் பிரயூன் கவனித்தான். துணிமேல் புழுதி குழம்பு மாதிரி ஒட்டியிருந்தது. காய்ந்த துணியில் புழுதி அப்படி ஒட்டாது, அடியில் எண்ணெய் கசிகிறது என்றான். பக்கத்தில் துணி கட்டாத குழாயை வளைத்து என்னிடம் காட்டினான், வளைவில் பொடிப்பொடியாக வெடிப்பு. "இதுல மேல் ரப்பர்தான் வெடிச்சிருக்கும்மா, உள்ள இருக்கிற கம்பி வெளிய தெரியல. மூடிக் கிடக்குதே அந்தக் குழாய்தான் எனக்குப் பயமா இருக்கு. ரெண்டுக்கும் ஒரே வயசு, சேத்தே மாத்திடலாம்" என்றான். இதையே உன் அப்பாவிடம் போய்க் குந்தி உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான். உன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே. "ஓதின துணிய அவுக்கச் சொல்றியா? போன வருசம் பூரா நல்லாத்தானே தூக்குச்சு? நீ ஒரு பயந்தாங்கொள்ளி" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார். பிரயூன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பிக்குவிடமே அனுமதி கேட்கப் போய்விட்டான். பிக்கு வயிறு குலுங்கச் சிரித்தாராம். "நான் ஸ்டீயரிங்லதானேப்பா கட்டினேன்? குழாய்க்குக் கட்டச் சொன்னது யாரு? அவுத்துத் தொவச்சுக் காயப்போடு, உங்கப்பா கேட்டா நான்தான் சொன்னேன்னு சொல்லு" என்றாராம்.

அவன் திரும்பி வருவதற்குள் உன் அப்பா செய்த வேலையைக் கேள். கசிவே இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். வண்டியை ஓடவிட்டு, பிளேடை மேலே தூக்கி, லிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டே துணிக்கு அடியில் வலது கையை விட்டுத் தடவியிருக்கிறார். நான் அடுக்களையில் உரலில் பப்பாளிக்காய் சாலட் இடித்துக்கொண்டிருந்தேன், ஸ்ஸ் என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். பிரயூன் வந்ததும் உள்ளங்கையை நீட்டி, "பாத்துக்கோ, லேசாத்தான் ஈரம். ஏதோ எறும்பு கடிச்சிருச்சு, வேற ஒண்ணுமில்ல" என்று சிரித்தார். ஆள்காட்டி விரலுக்குக் கீழே ஒரு புள்ளி, ரத்தம்கூட இல்லை. அதைப் பார்த்ததும் உன் கணவனின் முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினான். "அப்பா, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றான். "எறும்புக் கடிக்கு ஆஸ்பத்திரியா? ஊரே சிரிக்கும்டா" என்றார் இவர். "சிரிக்கட்டும்! ஏறுங்கப்பா!" என்று ஒரு கத்துக் கத்தினான் பாரு. நம் வீட்டு மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உன் அப்பாவின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பக்கத்து வீட்டு பிக்கப்பில் உட்கார வைத்தான், இவர் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். நானும் பின்னால் ஏறிவிட்டேன், பாதி வழியில்தான் பார்க்கிறேன், கையில் உலக்கை.

போகும் வழியிலேயே கை வீங்க ஆரம்பித்துவிட்டது. அந்தக் குழாயில் எண்ணெய் அப்படி ஒரு அழுத்தத்தில் ஓடுமாம், ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால்கூடத் தோலைத் துளைத்து உள்ளே போய்விடுமாம். முதலில் வலிக்காது, உள்ளே சதை அழுகும். டாக்டரம்மா பார்த்த உடனே அறுவைக்கு எடுத்துப்போய், உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை திறந்து கழுவினார்கள். வெளியே வந்து, "நாளைக்குப் பாக்கலாம்னு வீட்ல இருந்திருந்தா விரலோட நின்னிருக்காது, கையையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார்கள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிரயூனும் பக்கத்தில் உட்கார்ந்தான். கல்யாணத்துக்கு முன் கரும்பாலையில் வேலை பார்த்தபோது அவன் கூட்டாளி ஒருவனுக்கு இதே மாதிரி ஆனதாம், களிம்பு தடவிக்கொண்டு தூங்கிவிட்டானாம். "அவன் இப்ப இடது கையாலதாம்மா சாப்பிடறான்" என்றான். இதை உன்னிடம்கூட அவன் சொல்லியிருக்க மாட்டான். எனக்கு அவனை என் வயிற்றில் பெறவில்லையே என்று இருந்தது.

அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே குழாய்களை மாற்றினான், நான்தான் எடுபிடி. எங்கேயாவது வண்டி ரிப்பேர் நடந்தால் ஆண்கள் சத்தம் போடுவார்கள், சாமான்களை எறிவார்கள், இவன் வேலை செய்வதைப் பார்க்கவே அழகு. சமமான இடத்தில் நிறுத்தி, பிளேடைத் தரையில் முழுக்க இறக்கி, எஞ்சினை நிறுத்தி, அதற்கப்புறமும் லிவரை முன்னும் பின்னும் ஆட்டினான். எஞ்சின் நின்றாலும் குழாய்க்குள் அழுத்தம் தங்கியிருக்குமாம், அதை விட்டுவிட வேண்டுமாம். எண்ணெய் சூடு ஆறும்வரை என்னைக் கிட்டவே விடவில்லை. எந்தக் குழாய் எந்த வாய்க்கு என்று என் நகப்பூச்சில் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டான், மூட்டுகளைத் துடைத்துத் துடைத்துச் சுத்தம் செய்தான், ஒரு மணல் உள்ளே போனால் பம்ப் கெட்டுவிடும் என்றான். எண்ணெய் பிடிக்க நான் பசையரிசி ஊறவைக்கும் பேசினை எடுத்தான், அதற்கு மட்டும் திட்டினேன். ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருப்பினான், திறந்த வாய்களை உடனே பிளாஸ்டிக் சுற்றி மூடினான். துணியை அவிழ்த்தபோது குழாய் கொப்புளம் மாதிரி உப்பி, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்துத் தெரிந்தது.

பழைய குழாய்களையே கடைக்கு எடுத்துப்போய் அதே நீளம், அதே மூட்டு, அதே அழுத்தம் தாங்குவது என்று பார்த்துச் செய்து வாங்கி வந்தான். புதுக் குழாயில் நீளவாக்கில் எழுத்து அடித்திருக்கிறது, மாட்டும்போது அந்த எழுத்து சுற்றிக்கொண்டு போனால் குழாய் முறுக்கியிருக்கிறது என்று அர்த்தமாம். முறுக்கின குழாய் சீக்கிரம் போய்விடும் என்று ஒன்றைக் கழற்றி மறுபடி மாட்டினான். அப்புறம் எண்ணெய் ஊற்றி, மெதுவாக ஓடவிட்டு, பாரம் இல்லாமல் பிளேடைச் சில தடவை ஏற்றி இறக்கி உள்ளே இருந்த காற்றை வெளியேற்றி, குறைந்த எண்ணெயை மறுபடி ஊற்றினான். கசிவு பார்க்கக் கை வைக்கவில்லை, கைக்கு எட்டாத தூரத்தில் நின்று ஒரு அட்டையைக் குழாய் ஓரமாக நகர்த்திப் பார்த்தான். அட்டை காய்ந்தே இருந்தது. மழை வந்த அன்று முதல் உழவு நம் வண்டிதான்.

அப்பா வீட்டுக்கு வந்த அன்று, பயந்து விலகிப்போன உயிரைத் திரும்ப உடம்புக்கு அழைத்து மணிக்கட்டில் நூல் கட்ட ஊரே வந்தது. எல்லோரும் அவருக்குக் கட்டி முடித்ததும் இவர் ஒரு நூலை எடுத்து, "பிரயூன், கிட்ட வா" என்றார். அவனோ ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு, "அன்னிக்குக் கத்திட்டேன், மன்னிச்சிருங்கப்பா" என்றான். "மன்னிக்கிறதா? நீ கத்தாம இருந்திருந்தா இந்தக் கை எங்கடா? கைய நீட்டு, விரல் வேலை செய்யுதான்னு பாக்கறேன்" என்றார். நூல் நழுவி நழுவி விழுந்தது. உதவிக்குப் போன என்னை முறைத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தோம், கடைசியில் ஒரு முடிச்சு விழுந்தது, என்ன கோணல் முடிச்சு தெரியுமா. உன் கணவன் குழந்தை மாதிரி அழுதான், நானும்தான், உன் அப்பா மட்டும் கண்ணில் புகை பட்டுவிட்டது என்றார். அடுப்பே எரியவில்லை.

இனி நீ அவரைத் திட்ட வேண்டாம், அதற்கு நான் இருக்கிறேன். பிரயூனிடம் நல்லதாக இரண்டு வார்த்தை சொல், நீ சொன்னால்தான் அவனுக்கு இறங்கும். நேரத்துக்குச் சாப்பிடு. உன் தொழிற்சாலை இயந்திரத்திலும் இப்படி எண்ணெய்க் குழாய்கள் இருக்கும், ஏதாவது சுருக்கென்று பட்டால் மேற்பார்வைக்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ, யார் சிரித்தாலும் போ. புத்தர், தர்மம், சங்கம் என்ற மும்மணிகளும் உன்னைக் காக்கட்டும், போன இடத்தில் எல்லோரும் உன்னிடம் அன்பாக இருக்கட்டும், உடம்பும் மனசும் குளிர்ந்து இரு மகளே.

உன் அம்மா,
கம்புன்

லம்துவன், அம்மா சொன்னதில் பாதி மிகை. நான் சும்மா தொட்டுத்தான் பார்த்தேன். மாப்பிள்ளை நல்லவன். இதை எழுத வெகு நேரம் ஆனது, ஆனாலும் வலது கையால்தான் எழுதினேன்.
அப்பா, சிங்தோங்