மானிட்டருக்கும் நாற்காலிக்கும் உள்ள தூரம்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம், இதை ஒப்புக்கு எழுதவில்லை, நிஜமாகவே சௌக்கியம், அதனால் பதறாமல் படி. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நல்லபடியாக இருந்தால் எனக்கு அதுவே போதும். எழுத்து பெரிது பெரிதாக, வரி மேலும் கீழுமாகப் போயிருந்தால் சிரிக்காதே, காரணம் படிக்கப் படிக்கத் தெரியும். கொஞ்ச நாளாக வீடியோ வேண்டாம், சும்மா பேசினால் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன், நீயும் அம்மாவுக்கு என்ன கோபம் என்று அப்பாவைக் குடைந்துகொண்டிருந்தாய். கோபமெல்லாம் இல்லை. புதுக் கம்ப்யூட்டருக்குப் பாகமெல்லாம் வாங்கியாயிற்றா என்று கேட்டுக்கொண்டே இருந்தாயே, எல்லாவற்றுக்கும் சேர்த்து இதில் பதில் எழுதுகிறேன்.

போட்டோ லேப்காரர் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். அப்பா எடுக்கிற படங்களுக்கு நான் நிறம் பார்த்துக் கொடுப்பேன், அவர் பிரிண்ட் போடுவார், இத்தனை வருஷத்தில் ஒரு பேச்சு வந்ததில்லை. திடீரென்று அந்த மனுஷன் படமெல்லாம் நீலம் அடிக்கிறது என்று ஆரம்பித்தார். கடைசியில் பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவையே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையெல்லாம் நீல வாளியில் முக்கி எடுத்தது மாதிரி இருக்கிறதாம். அப்போதுதான் அவர் மெதுவாக, ரொம்ப மரியாதையாக, "அக்கா, இனிமே கலர் வேலையை எங்க பசங்களே பாத்துக்கட்டுமா?" என்று கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அப்பா படம் எடுப்பார், நான் நிறம் பார்ப்பேன், நம் வீடு நடப்பதே அப்படித்தான். அதில் என் பங்கைப் பிடுங்கிவிட்டால் நான் என்ன செய்வேன், ஆல்பத்துக்கு அட்டை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேனா? பழைய கம்ப்யூட்டர்தான் சதி செய்கிறது, புதிதாகச் சேர்த்துக்கட்டிக் காட்டுகிறேன், அந்தப் பள்ளிக்கூடப் படத்தை மறுபடி செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். என்னென்ன பாகம் வாங்க வேண்டும் என்று உன்னிடம் கேட்டது அப்போதுதான்.

நீ எழுதி அனுப்பியதைக் கடைக்காரத் தம்பியிடம் காட்டினேன். பிராசஸர் நீ சொன்னதே. ஆனால் அவ்வளவு பெரிய கிராபிக்ஸ் கார்டு யாருக்கு? நான் என்ன உட்கார்ந்து துப்பாக்கிச் சண்டையா விளையாடப் போகிறேன்? அதைச் சின்னதாக்கிவிட்டு மெமரியை இரட்டிப்பாக்கச் சொன்னேன், ஒரு ஆல்பத்தைத் திறந்தால் பழையது மூச்சு வாங்கியது உனக்குத் தெரியாதா. எஸ்.எஸ்.டி. இரண்டு, வேலைக்கு ஒன்று, படங்களைப் பத்திரமாக வைக்க இன்னொன்று. அந்தத் தம்பி ஆசை ஆசையாக ஒரு கேபினட் காட்டினான், கண்ணாடிக் கதவு, உள்ளே சிவப்பும் பச்சையுமாக லைட் சுற்றுகிறது. நிறம் பார்க்கிற மேஜையில் யாராவது வாணவேடிக்கை வைப்பார்களா, ஸ்க்ரீனில் அந்தச் சிவப்பு விழாதா என்று கேட்டேன். முகம் வாடிப்போய் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தான். சத்தம் போடாத ஃபேன், நல்ல பவர் சப்ளை, அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

வம்பு வந்தது மானிட்டரில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துத்தான் எடுத்தேன், ஆனால் மாட்டிப் பார்த்தால் வெள்ளை மஞ்சளாகத் தெரிகிறது. திருப்பிக் கொடுத்தேன். அடுத்தது வந்தது, அதுவும் மஞ்சள். தம்பி ஸ்க்ரீன் மேல் தொங்கவிட்டு நிறத்தை அளக்கிற கருவியைக் கொண்டுவந்து அளந்தான், சரியாக இருக்கிறது என்றான். உன் கருவி கெட்டுப்போயிருக்கிறது என்றேன். வேறு கருவி கடன் வாங்கி வந்தான், அதுவும் அதையே சொன்னது. அப்போதும் நான் இறங்கி வரவில்லை. அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் அவர் ஒரு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார், இந்த வயதில் உங்களுக்கு எதற்குச் சந்தன நிறம் என்று கேலி செய்தேன். கண்ணாடிக்குப் பவர் பார்க்க வேண்டும், துணைக்கு வா என்று மட்டும் சொன்னார். உன் அப்பா பொய் சொல்லுவார் என்று யார் நினைத்தது? ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறேன், நர்ஸ் வந்து என் பேரைக் கூப்பிடுகிறாள்! திரும்பி முறைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "எல்லா பார்ட்டையும் செக் பண்ணிட்டோம். இது ஒண்ணுதான் பாக்கி" என்றார்.

இரண்டு கண்ணிலும் புரை. உள்ளே இருக்கிற லென்ஸ் பழைய செல்லோ டேப் மாதிரி பழுத்துப்போயிருக்கிறதாம். எனக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரியத் தெரிய, அதைச் சரிக்கட்ட நான்தான் படத்துக்குப் படம் நீலத்தை அள்ளிக் கொட்டியிருக்கிறேன். வீடியோவில் உன் முகம் மஞ்சள் பூத்திருக்கிறது, இது காமாலைதான் என்று அழாத குறையாகச் சொல்லி, வேலையை விட்டுவிட்டு உன்னை ரத்தப் பரிசோதனைக்கு ஓட வைத்தேனே, நினைவிருக்கிறதா? ஒன்றும் இல்லை என்று நீ சொன்னதையும் நம்பவில்லை. இப்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. வீட்டுக்கு வந்து பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். கண்தான் என் தொழில், அதைத்தானே நான் எல்லாரிடமும் பீற்றிக்கொண்டிருந்தேன். உன்னிடம் சொன்னால் லீவு போட்டுக் கிளம்பிவிடுவாய் என்றுதான் மறைத்தேன், முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் வீடியோவும் வேண்டாம் என்றேன், அப்பாவைத் திட்டாதே, அவர் வாயை அடைத்தது நான்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதிது வைப்போம், தூரம் தெளிவாகத் தெரிகிற மாதிரி வைக்கவா, கிட்டத்தில் தெரிகிற மாதிரி வைக்கவா, நீங்களே யோசித்துச் சொல்லுங்கள், மற்றதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்றார். இதையும் நானே தேர்ந்தெடுக்க வேண்டுமாம்! வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன், அப்பா தையல் டேப்பை என் மூக்குக்கும் மானிட்டருக்கும் நடுவில் பிடித்தார். நிமிர்ந்து உட்கார் என்று அவர், வேலை செய்யும்போது நான் இப்படித்தான் கூன் போடுவேன், உள்ளபடி அளவெடுங்கள் என்று நான். கடைசியில் கூனோடுதான் அளந்தோம். அந்த அளவைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் டாக்டரம்மா சிரித்துவிட்டார், இத்தனை பேருக்குச் செய்திருக்கிறாராம், டேப் வைத்து அளந்துகொண்டு வந்த முதல் ஆள் நான்தானாம்.

வலது கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. வலி ஒன்றும் இல்லை, கூச்சம்தான். கட்டைப் பிரித்ததும் முதலில் பார்த்தது அப்பாவின் அந்தப் புதுச் சட்டையை. வெள்ளை! அப்படி ஒரு வெள்ளை. கொஞ்ச நேரம் ஸ்க்ரீன் பார்க்கலாம் என்று அனுமதி கிடைத்ததும் அந்தப் பள்ளிக்கூடப் படத்தைத் திறந்தேன். இடது கண்ணால் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அதை மூடிக்கொண்டு புதுக் கண்ணால் பார்த்தேன், ஐயோ, பிள்ளைகள் எல்லாம் குளிர்ந்த தண்ணீரில் ஊறி எழுந்து வந்த மாதிரி நிற்கிறார்கள். பாவம் அந்த லேப்காரர், எவ்வளவு பொறுமை. அன்றன்றைக்குக் கொஞ்சமாக உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணால், அத்தனை படத்தையும் மறுபடி செய்து அனுப்பினேன். அவர் போன் செய்து, "அக்கா, வெள்ளை வெள்ளையா இருக்கு" என்றார், அவ்வளவுதான். சாயங்காலமே ஒரு கல்யாண ஆல்பம் வந்து சேர்ந்தது. கடைத் தம்பியிடமும் போய், உன் கருவி கெடவில்லையப்பா, என் கருவிதான் கெட்டிருந்தது என்று சொல்லிவிட்டேன். இடது கண் அடுத்த வாரம். நீ லீவு போட வேண்டாம், அப்பா சொட்டு மருந்து விடுவதில் பெரிய டாக்டர் ஆகிவிட்டார். ஸ்க்ரீனை அதிகம் பார்க்கக் கூடாது என்பதால்தான் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

இரவில் வண்டி ஓட்டினால் மெதுவாக ஓட்டு. தண்ணீர் நிறையக் குடி. நீயும் நாளெல்லாம் ஸ்க்ரீன்தான் பார்க்கிறாய், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காட்டு, அம்மா மாதிரி கருவியோடு சண்டை போடாதே. நீ நினைத்ததெல்லாம் நடக்கும், நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வா, ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காராதே, முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், உன் நிஜ நிறத்தை நான் பார்த்து எத்தனை நாளாயிற்று. தூரம் மங்கலாகத்தான் இருக்கும், நன்றாக யோசித்தீர்களா என்று டாக்டரம்மா ஆபரேஷனுக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை கேட்டார். யோசித்துவிட்டேன் என்றேன். தூரத்தில் எனக்குப் பார்க்க இருப்பது என் பெண் ஒருத்திதான், அவளும் இந்த மானிட்டரில்தான் வருகிறாள் என்றேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா