உப்புத் தண்ணீர் ஊற்றியவன் நான்தான்

கழற்றிப் போட்ட பழைய ரேடியேட்டர் வாசலில் கிடக்கிறது. வெயில் ஏறினால் துருவும் உப்பும் கலந்த ஒரு நாற்றம் அதிலிருந்து கிளம்புகிறது. அது மூக்கில் ஏறும்போதெல்லாம் நீ என் தோளுக்குப் பின்னால் நின்று சிரிப்பதுபோல் இருக்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தால் உன்னிடம் தோற்றதாகிவிடும்.

கும்மிடிப்பூண்டி ஃபேக்டரியிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக ஓய்வு பெற்று, ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய பழைய கார் இது. ஆர்.சி. புத்தகம் உன் பேரில், ஸ்பேனர் என் கையில். செல்ஃப் மோட்டார் போனது, முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம் வந்தது. எல்லாவற்றையும் யாரிடமும் கேட்காமல் நானே பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். உனக்கு அதில் குறையில்லை. நமக்குள் சண்டை தண்ணீரில்தான்.

சூடு காட்டும் முள் ஏறினால் மீஞ்சூரில் என் வீட்டு போர் தண்ணீரைப் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுவேன். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. நீ முன் சீட்டில் உட்கார்ந்தபடி, "இன்னாபா, இஞ்சினை உப்புக்கண்டம் போட்டுக்கினு கீறியா?" என்பாய். தண்ணீர் என்றால் தண்ணீர்தான் என்பேன். "அப்ப நீ மட்டும் ஏன் கேன் தண்ணி குடிக்கிற?" என்று கேட்டாய் ஒருநாள். இன்னொரு குடம் ஊற்றினேன்.

நீ கண்ணை மூடிய இரண்டாம் மாதம், உன் மகன் அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போது பொன்னேரி தாண்டி வண்டி கொதித்து நின்றுவிட்டது. ஒர்க்ஷாப்பில் பெரிய பட்டியல் கொடுத்தார்கள். ரேடியேட்டர், வாட்டர் பம்ப், இஞ்சின் ஹெட்டைத் திறக்க வேண்டும், கிளட்ச், முன்சக்கர ரப்பர் புஷ். கூட்டினால் வண்டியை விற்றாலும் வராத தொகை. பையன் மரியாதையாக என் வீட்டுக்கே வந்தான். "பெரியப்பா, காயலான் கடைக்குப் போட்டுடலாம். உங்க பங்கைக் குடுத்துடறேன்" என்றான். வண்டி உன் பேரில் இருப்பதால் முடிவு அவன் கையில். நான் பத்து நாள் கேட்டு, வண்டியை என் வாசலுக்கு இழுத்து வந்தேன்.

ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தேன். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடியில் பார்த்தேன். ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. ஹெட்டைத் திறக்க வேண்டியதே இல்லை. கிளட்ச் இன்னும் ஒரு வருஷம் தாங்கும், புஷ்ஷை நானே மாற்றுவேன். ஆனால் ரேடியேட்டரை அறுத்தபோது குழாய்களுக்குள் சுண்ணாம்பு பூசியதுபோல் உப்பு வெள்ளையாக இறுகியிருந்தது. பம்பின் இறக்கைகள் அரித்துப் போயிருந்தன.

மூன்று நாள் உன் வீட்டுப் பக்கமே போகவில்லை. வண்டி நல்ல வண்டி என்று சொன்னால், பின்னே ஏன் கொதித்தது என்று பையன் கேட்பான். அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. உன்னிடமே சொல்லாத பதில்.

நான்காம் நாள் உன் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி என்று நான் கூப்பிடும் உன் மனைவி காபி கொடுத்தாள். அவளையும் பையனையும் உட்காரவைத்துச் சொன்னேன்: "வண்டி மேல தப்பு இல்ல. உப்புத் தண்ணி ஊத்திக் கெடுத்தது நான். உங்க அப்பா சொன்னாரு, நான் கேக்கல."

தங்கச்சி காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "அவரு இருக்கும்போது சொல்லியிருந்தா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சிருப்பாரு அண்ணே" என்றாள். பையன் சாவியை எடுத்து என் பக்கம் தள்ளினான்.

வேறு ரேடியேட்டர், வேறு பம்ப். இப்போது ஊற்றுவது கூலண்டும் கேன் தண்ணீரும். நேற்று அவர்கள் இருவரையும் கும்மிடிப்பூண்டி வரை கூட்டிப்போய் வந்தேன். முள் பாதியைத் தாண்டவில்லை.

இத்தோடு நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. பம்பை மாற்றும்போது பக்கத்தில், இஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிற மூடியையும் திறந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று யாரோ மெக்கானிக் சொன்னதாக நீ ஒருநாள் சொன்னாய். எனக்குத் தெரியாமல் கழற்றிப் போட்டிருக்கிறாய். அது இல்லாமல் இஞ்சின் சரியாகச் சூடேறாமல் பெட்ரோலைக் குடித்தது. நீயோ ஆக்ஸிலரேட்டரில் என் கால் கனம் என்று பழி சொன்னாய். புதிது வாங்கிப் போட்டுவிட்டேன்.

என் தப்பை உன் வீட்டிலேயே உட்கார்ந்து சொன்னேன். உன் தப்பை அவர்களிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது உனக்கும் எனக்கும் உள்ள கணக்கு. நீ பாதியில் எழுந்து போய்விட்டாய் என்பதற்காக நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.