வலது நெற்றி மாத்திரை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா? தம்பி சாப்பிடுகிறானா?

அவனுக்கு வந்த மனச்சிதைவு நோயின் வேரைத் தேடி, ஆயிரக்கணக்கானவர்களின் மூளைப் படங்களையும் மரபணுக்களையும் ஒப்பிட்டும் எங்கள் ஆய்வுக் குழுவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஸ்கேன் எடுக்கும்போது எது வலப்பக்கம் என்று தெரிய, எல்லோருக்கும் வலது நெற்றியில் ஒரு எண்ணெய் மாத்திரையை ஒட்டுவோம், படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும்; ஒரு கட்டுப் படங்களில் அது இடப்பக்கம் இருந்தது. நான்தான் பார்த்தேன்! அந்தப் படங்கள் மட்டும் இடம் வலம் மாறிப் பதிவாகியிருந்தன; திருப்பிப் போட்டு மறுபடி ஒப்பிட்டதும் விடை பளிச்சென்று வந்தது. "கெட்டிக்காரிம்மா நீ!" என்று பேராசிரியர் கத்தியதில் என் காபி கொட்டிவிட்டது.

நூற்றுக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்து, பிறக்கும் முன்பே மூளையின் அமைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுகின்றன. நீங்கள் திட்டியதால் வந்ததல்ல, அம்மா.

உங்கள் போர்வை ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசம் போய்விடும்.

"நீ வளர்த்த லட்சணம்" என்று அத்தை இனி வாயைத் திறந்தால், எனக்குப் போன் போட்டு அவரிடம் கொடுங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.

அவசரத்தில்,
உங்கள் மகள்