யானை இல்லாத தீவு

என் அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமைப் படகில் என்னை அழைத்துப் போக வர வேண்டாம். "உன் தங்கச்சி கடைக்கு வர்றவங்ககிட்ட வாயே திறக்க மாட்டேங்குது, கூட்டிட்டுப் போயிடு" என்று முதலாளி உனக்குப் போன் செய்தது எனக்குத் தெரியும்.

நேற்று சுற்றுலா வந்த ஒரு அம்மா, தன் மாமியாருக்கு இந்தத் தீவின் பாரம்பரியப் பொருள்தான் வேண்டும் என்று ஒரு மர யானையைக் கையில் எடுத்தார். பக்கத்தில் நான் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். எப்படி வந்ததோ தெரியவில்லை, "இந்தத் தீவுல யானையே கிடையாதுங்க" என்று சொல்லிவிட்டேன்.

முதலாளி என்னை முறைத்தார். வகுப்பில் பேர் கூப்பிட்டால் "உள்ளேன்" சொல்லவே வராதவள் நான். அது உனக்கே தெரியும். ஆனால் ஆரம்பித்த பேச்சை நிறுத்தினால் இன்னும் மோசம். மேல் தட்டிலிருந்து தாழை ஓலைப் பெட்டிகளை இறக்கினேன்.

"இதுதாங்க இந்த ஊர்ல செய்யறது. கையால முடையறதால ஒரு பெட்டியோட மூடி இன்னொண்ணுக்குச் சேராது. மாத்திப் பாருங்க."

அவர் மாற்றிப் பார்த்தார். சேரவில்லை.

"எங்க மாமியாரும் இப்படித்தான், யாரோடயும் சேர மாட்டாங்க. இதையே குடும்மா" என்றார். அவரோடு வந்தவர்களும் சிரித்துக்கொண்டே மூடிகளை மாற்றி மாற்றிப் பார்த்து, ஒன்பது பெட்டிகளையும் வாங்கிப் போனார்கள்.

"ஏ ஊமைக்கோட்டான், இந்த வாயை இத்தனை நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தே?" என்ற முதலாளி, யானைகளைப் பின்னால் தள்ளிவிட்டு என்னை முன் மேசையில் நிறுத்திவிட்டார்.

நீ வருவதென்றால் சாமான் வாங்க வா. அக்கா என்று பார்த்து விலையைக் குறைக்க மாட்டேன்.

வாய் திறந்துவிட்ட,
உன் தங்கை